மெதுவாகப் பேசத் தெரியாத டீச்சர்

என் பூத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டது டீச்சரைப் பொறுத்தவரை வீண் வேலை. பேராவூரணிக் கடைத்தெருவில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று மஞ்சள் போர்டு மாட்டி நான் கடை திறந்திருந்த காலம் அது. வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பெற்றவர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். முறை வந்ததும் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவார்கள். டீச்சர் உள்ளே போனால் கதவு சாத்தியிருந்தாலும் திறந்திருந்தாலும் ஒன்றுதான். எதிர்ச்சாரியில் டைலர் பாய் கடை, அதை ஒட்டி டீக்கடை, அதற்கப்பால் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் எல்லாருக்கும் சேர்த்துத்தான் அவர் மகனிடம் பேசினார்.

கத்துகிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. மாதா கோயில் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் கால்நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். நீளமான ஒரே கொட்டகை, நடுவில் சுவர் இல்லை, நாலு வகுப்பு. பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டைத் தாண்டித் தன் பிள்ளைகளின் காதில் பாடத்தைப் போட வேண்டும். அப்படியே பழகிப்போன தொண்டை அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் யாராவது “என்ன டீச்சர்?” என்று கேட்டுவிட்டால், “கேக்கலையா? கேக்குற மாதிரி சொல்றேன்” என்று முதலில் சொன்னதைவிட ஒரு பங்கு கூட்டிச் சொல்வார். அவர் வீட்டில் என்ன குழம்பு, எந்தப் பல் ஆடுகிறது, சாமியார் பூசையில் யார் தூங்கினார்கள் என்பதெல்லாம் எங்கள் தெருவுக்கு அத்துப்படி.

அவருடைய வீட்டுக்காரர் நேரெதிர். தென்னந்தோப்பு வைத்திருந்தார். தோப்புக்காரர் என்றுதான் ஊரில் சொல்வோம். உயரமான மனிதர், தும்பைப்பூ வேட்டி, பேச்சு மட்டும் அளந்துதான் வரும். இரண்டு பேரும் கடைத்தெருவுக்கு வந்தால் அவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார். பின்னாலிருந்து மனைவியின் குரல் வரும். கேட்காதவர் மாதிரி நடப்பார். இத்தனை வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று நானும் டைலர் பாயும் பல நாள் பேசிச் சிரித்திருக்கிறோம்.

அந்தப் பூத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் “இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்” என்பதுதான். பெஞ்சிலிருந்து எழுந்து வருவதற்குள் மூச்சு வாங்குகிறவர் சொல்வார். முட்டிக்குக் கீழே இரண்டு காலும் வீங்கியிருக்கிற அம்மா சொல்வார். பிள்ளை அங்கே வெயிலில் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறான், இங்கே ஒரு வலி என்றால் அவன் சோறு இறங்காமல் கிடப்பான், எதற்குச் சொல்ல வேண்டும்? எங்கள் பக்கத்தில் பெற்றவர்களின் பாசம் அப்படித்தான் வேலை செய்தது. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. டீச்சர் ஒருத்தருக்குத்தான் அந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே போனவர் எடுத்த எடுப்பில், “தம்பி, ஒங்கப்பாவுக்கு மூத்திரத்துல ஆல்புமின் போவுது” என்றார். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மகனுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. “ஆல்... பு... மின். புரதம்டா. ஒடம்புல தங்க வேண்டியது, ஒழுகி வெளிய வருது” என்று சொல்வதெழுதுதல் போடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எதிரில் டைலர் பாயின் மிஷின் நின்றுபோனது. டீக்கடையில் ஒருவர் புரையேறி இருமினார். வாசலில் நின்றிருந்த தோப்புக்காரர் எதையோ மறந்துவிட்டவர் மாதிரி வேகமாகப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டார்.

விஷயம் இதுதான். அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் பல வருஷமாக உண்டு. மாத்திரையை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. சாயங்காலமானால் செருப்பு வார் காலில் பதிகிறது, கழிப்பறையில் நுரை நிற்கிறது என்று டீச்சர்தான் கவனித்து, பட்டுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கே சோதனைக் குச்சியை முக்கிப் பார்த்து ஆல்புமின் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, உப்பைக் குறைத்து, மறுபடி காலையில் முதலில் போகிற சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அதைக் கொண்டுபோன கதையும் ஊர் அறிந்ததுதான். கொண்டுபோகிறவர்கள் எல்லாரும் பேப்பரைச் சுற்றி, மஞ்சப்பைக்குள் வைத்து, அதன் மேல் துண்டு போட்டு, திருடிய பொருளைப் போலக் கொண்டுபோவார்கள். டீச்சர் ஜாம் பாட்டிலைக் கழுவிக் காயவைத்துப் பிடித்து, கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர், “என்னம்மா அது, எண்ணெயா? சாஞ்சிரப் போவுது, கீழ வைங்க” என்றிருக்கிறார். “எண்ணெய் இல்லப்பா, எங்க வீட்டுக்காரர் மூத்திரம். டெஸ்டுக்குப் போவுது. நீ மேட்டுல பாத்து ஓட்டச் சொல்லு” என்றாராம். அந்த பஸ் அன்றைக்குப் பட்டுக்கோட்டை வரை மெதுவாகத்தான் போனது என்று அதில் போன டைலர் பாய் வந்து சொன்னார். அந்தத் தடவையும் ஆல்புமின் இருந்தது.

கோயிலிலும் விடவில்லை. பூசையில் மன்றாட்டு நேரத்தில் ஆளாளுக்கு மழைக்காகவும் நாட்டுத் தலைவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வார்கள். டீச்சர் எழுந்து, “என் கணவரின் சிறுநீரில் ஆல்புமின் குறைய வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்” என்றார். சபை முழுவதும் ஒரு கணம் திகைத்து, பிறகு பழக்கதோஷத்தில் “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று பதில் சொல்லிவிட்டது. தோப்புக்காரர் நற்கருணை அப்பம் வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினார். “என் மூத்திரம் என்ன தேர்தல் ரிசல்டா தம்பி, மைக்கு வச்சு சொல்றதுக்கு?” என்றார். பாவமாக இருந்தது. எனக்கே டீச்சர் மேல் கோபம் வந்தது. ஒரு மனிதரின் மானத்தை இப்படியா ஏலம் போடுவது என்று நினைத்தேன்.

அடுத்த பரிசோதனையில் தோப்புக்காரர் ஜெயித்துவிட்டார். ஆல்புமின் இல்லை என்று வந்துவிட்டது. அன்றைக்கு அவரே பூத்துக்கு வந்து, கதவைச் சாத்தி, குனிந்து நின்று, மகனிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு களை. மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இனி வாயைத் திறப்பாயா என்று எழுதியிருந்தது.

டீச்சர் சந்தோஷப்படவில்லை. பெஞ்சில் அவரை உட்காரவைத்து, வேட்டியை விலக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே நின்றது. “ரிசல்டு இல்லேங்குது, காலு இருக்குங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது தம்பி” என்று என்னிடம் சொல்கிற மாதிரி தெருவுக்கே சொன்னார்.

எது பொய் என்று கண்டுபிடிக்க அவர் நேரே தோப்புக்குத்தான் போனார். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் அன்றைக்குச் சீவிய இளநீர்க் கூடுகள் ஈரம் காயாமல் கிடந்தன. மனிதர் விடியற்காலையில் எழுந்து, முதல் சிறுநீரைத் தோப்பிலேயே விட்டுவிட்டு, வயிறு முட்ட இளநீர் குடித்து, பிறகு வந்ததைப் பாட்டிலில் பிடித்திருக்கிறார். பச்சைத் தண்ணீராக வந்திருக்கிறது. அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. எங்கள் தென்னை நாட்டில் சிறுநீர் சோதனைக்குப் போகிற அத்தனை பேரும் செய்கிற காரியம்தான் அது. கோயிலுக்குப் போகும்போது குளித்துவிட்டுப் போகிற மாதிரி, உள்ளேயும் கழுவிக்கொண்டுதான் போவோம். விசா மெடிக்கலுக்குப் போகிற பையன்களும் அப்படித்தான். “எல்லாரும் குடிச்சிட்டுத்தான போறாங்க? மஞ்சளா நாத்தம் புடிச்சதக் கொண்டு போய் ஒரு டாக்டர் முன்னாடி நீட்ட முடியுமா?” என்று அவர் கேட்டதில் உண்மையான வெட்கம் இருந்தது.

டாக்டர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. என்னையும் டீச்சர் அன்றைக்குத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தார், அதனால் நானே கேட்டேன். “தண்ணி நெறைய கலந்தா குச்சிக்குத் தெரியாமப் போயிடும் ஐயா. தஞ்சாவூர்ல வேற டெஸ்ட் இருக்கு. ஆல்புமினையும், மூத்திரத்துல எப்பவும் வர்ற கிரியாட்டினின்ங்கிற கழிவையும் சேத்து வச்சுப் பாப்பாங்க. எவ்வளவு குடிச்சிட்டுப் போனாலும் அத லேசுல ஏமாத்த முடியாது” என்றார். அங்கே அனுப்பிப் பார்த்ததில் கசிவு முன்பு நினைத்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது.

“கிட்னிதான, பாத்துக்கலாம்” என்று தோப்புக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். டாக்டர் உட்காரச் சொன்னார். “கிட்னியோட நிக்கிற விஷயம் இல்ல ஐயா. வரப்புல நண்டு வளை விழுந்து தண்ணி கசிஞ்சா என்ன பண்ணுவீங்க? அந்த ஒரு எடம் மட்டும் கெட்டிருக்குன்னு நெனப்பீங்களா, வரப்பு முழுக்க நடந்து பாப்பீங்களா? மூத்திரத்துல ஆல்புமின் கசியுதுன்னா ஒடம்புல மத்த எடத்து ரத்தக்குழாயும் நைஞ்சுக்கிட்டு வரலாம். ஒங்க வயசுல அடுத்தது இதயம். அது தளந்துச்சுன்னா காலு வீங்கும், மூச்சு வாங்கும், படுத்தா தூங்க முடியாது. இப்பவே தெரிஞ்சது நல்லது. அடைக்கலாம்” என்றார். அதோடு இளநீர் கூடாது என்றும் சொல்லிவிட்டார். கெட்டுப்போன கிட்னியால் அதிலுள்ள பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறுமாம். தோப்பு வைத்திருக்கிறவருக்கு இளநீர் கிடையாது என்றதும் அந்த மனிதர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் என் பூத் வாசலில் நடந்த சண்டையை இன்றைக்கும் யாரும் மறக்கவில்லை. டீச்சர் எல்லாவற்றையும் மகனிடம் சொல்ல, அவன் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டான். தோப்புக்காரர் கொதித்துப்போய், “ஏன் இப்படிப் பண்ற? புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போடவா நீ பூத்துக்கு வர்ற? வாயக் கட்டத் தெரியாதா ஒனக்கு?” என்றார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

டீச்சரின் கண் கலங்கிவிட்டது. குரல் இறங்கவில்லை. “ஒங்கண்ணன் எப்படிப் போனாருன்னு மறந்துட்டீங்களா? தலகாணிய அடுக்கி வச்சு ஒக்காந்தே தூங்கினாரு. காலு ரெண்டும் தண்ணி கோத்து மின்னுச்சு. மலேசியாவுல இருக்கற புள்ளைங்களுக்கு நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னே சொன்னாரு. நீங்க, நானு, ஒங்கண்ணி, அத்தன பேரும் குசுகுசுன்னு பேசினோம். மெதுவாப் பேசிப் பேசியே அவரக் குழிக்குள்ள எறக்கிட்டோம். ஒங்கள எறக்க மாட்டேங்க. மானம் போனாப் போவுது, ஒங்களப் போக விட மாட்டேன்.”

தெருவே நின்று கேட்டது. தோப்புக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதுவரை டீச்சர் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. உள்ளே போய் நானே மகனுக்கு மறுபடி போன் போட்டுக் கொடுத்தேன். “நீ இப்ப வர வேண்டாம், நான் பாத்துக்கறேன். ஆனா என்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாம ஒனக்குச் சொல்வேன்” என்று டீச்சர் அவனிடம் ஒப்பந்தம் பேசினார்.

அதற்குப் பிறகு கடைத்தெரு முழுக்க அவருக்குக் காவல். அதிராம்பட்டினத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு வரும் அம்மாவிடம் தெருமுனையில் வைத்தே, “எங்க வீட்டுப் பக்கம் கூடைய எறக்காதீங்க, அவருக்கு உப்பு ஆவாது” என்றார். டீக்கடைக்காரரிடம், “அவருக்கு வடை குடுத்தீங்கன்னு கேள்விப்பட்டேன், நான் வந்து கல்லா முன்னாடி நின்னு பேசுவேன்” என்றார். அந்த மிரட்டலுக்குப் பயப்படாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. தோப்புக்காரர் வடைத் தட்டைப் பார்த்தாலே டீக்கடைக்காரர் அதைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார். இளநீர் வெட்டுகிறவன் அவரைக் கண்டால் அரிவாளைப் பின்னால் மறைப்பான். முதலில் எரிச்சல்பட்டார். பிறகு, யார் எதை ஒளிக்கிறார்கள் என்று பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். மாத்திரை தவறவில்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடக்கவும் பழகிக்கொண்டார்.

ஆனால் பயம் எல்லாருக்கும் இருந்தது. மாத்திரை கேட்குமா, கேட்கும் முன்பே இதயம் களைத்துவிடுமா என்று தெரியாது. டாக்டரும் வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் ஒரு தடவை அவருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. சளிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த நாள்களில் டைலர் பாய் காலையில் கடை திறந்ததும் என்னிடம் கேட்பது, “டீச்சர் சத்தம் கேட்டுச்சா?” என்பதுதான். கேட்டது என்றால் அந்த வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

சம்பா அறுவடை முடிந்த சமயத்தில் மறுபடி தஞ்சாவூருக்குப் போனார்கள். அதே டெஸ்ட், அதோடு இதயத்தையும் ஸ்கேன் எடுப்பதாக ஏற்பாடு. போனவர்கள் திரும்புகிற பஸ்ஸுக்காக நாங்கள் எல்லாரும் வேலையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். பஸ் வந்து நின்றது. வழக்கமாக ஆளுக்கு முன்னால் குரல் இறங்கும். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இறங்கினார். டைலர் பாய் மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

இரண்டு பேரும் நேரே பூத்துக்குள் வந்தார்கள். நான் எதுவும் கேட்காமல் சிங்கப்பூர் நம்பரை அழுத்தினேன். மணி அடித்து மகன் எடுத்தான். டீச்சர் ரிசீவரைக் காதில் வைத்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அந்தப் பக்கம் அவன், “அம்மா, அம்மா, என்னாச்சும்மா” என்று அலறுவது எனக்கே கேட்டது. டீச்சர் தலையை ஆட்டிவிட்டு ரிசீவரைக் கணவரிடம் நீட்டினார்.

தோப்புக்காரர் அதை வாங்கினார். கதவு திறந்து கிடந்ததைப் பார்த்தார். சாத்தவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு அந்த மனிதர் போட்ட சத்தத்தில் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.

“டேய் தம்பி! அப்பா பேசுறேன்டா! அழுவாத, ஒங்கம்மா சந்தோஷத்துல அழுவுறா! ஆல்புமின் எறங்கிடுச்சுடா! மூத்திரம் நல்லா இருக்கு! கேக்குதா? மூத்திரம் நல்லா இருக்கு! இதயத்தையும் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டாங்க, நல்லா அடிக்குதாம்! பொய் இல்லடா, இந்தத் தடவ சத்தியமா எளநி குடிக்கல!”

டீக்கடையில் யாரோ கை தட்டினார்கள். கருவாட்டுக்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். எனக்கும் கண் கரித்தது, மறைக்கத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் இத்தனை பேர் இருந்தும் யாரும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு மனிதர் சிங்கப்பூர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது எதிர்ச்சாரியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டைலர் பாய் கடையை விட்டு இறங்கி நடுத்தெருவில் நின்றிருந்தார். டேப் கழுத்திலேயே தொங்கியது. துபாயிலிருந்த மகனிடம் ஞாயிறு தவறாமல், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, நல்லா இருக்கேன் என்று சொல்லி வந்த மனிதர். கையைக் குவித்து வாயில் வைத்துக் கத்தினார்.

“டீச்சர்! எனக்கும் ரெண்டு காலும் வீங்குது! காலையில மொத மூத்திரத்தத்தான புடிக்கணும்?”

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பழைய தொண்டை திரும்பிவிட்டிருந்தது.

“ஆமா பாய்! நாளைக்கு மொத பஸ்ஸு! நானும் வர்றேன்!”